கை நடுங்காத வரைவு

1

இந்தக் கதை எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. என் கண்ணாடியின் ஒரு பக்கக் கால் கழன்றுவிட்டது. மாட்டித் தரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரரும் அவருடைய மச்சானும், அதாவது மனைவியின் அண்ணனும், நான் இருப்பதையே மறந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சொத்துத் தகராறாக இருக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் விஷயம் ஒரு ரப்பர் மீன்.

விரல் நீளம். வயிற்றில் பேட்டரி. தண்ணீரில் போட்டால் தானாகவே வாலை ஆட்டுமாம். அதைத் தூண்டில் போட்டியில் அனுமதிக்க வேண்டும் என்கிறார் மச்சான். முடியாது என்கிறார் கடைக்காரர்.

"கையால ஆட்டாத இரை ஆட்டத்துல சேர்த்தி இல்ல மச்சான்."

"அப்ப படகுல டிவி மாதிரி ஒரு பொட்டியை வச்சுக்கிட்டு, மீன் எங்க நிக்குதுன்னு பாத்துட்டு நீ தூண்டில் போடுறியே, அது மட்டும் ஆட்டமா? விடையைப் பாத்துட்டுப் பரீட்சை எழுதுற கதையா இருக்கு."

"பொட்டி பாக்குறதுக்குத்தான். பிடிக்கிறது கைதானே?"

"சரிங்க மாப்ள. நீங்க சொன்னா சரிதாங்க."

கோபம் வந்தால்தான் இந்த மச்சான் வாயில் மரியாதை வரும் என்று எனக்கே புரிந்துவிட்டது. காதால் கேட்டது இவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

2

தொடங்கிப் பார்த்தேன்.

அதிகாலை ஏரியின் மேல் பனி ஒரு— (வேண்டாம். மீன்பிடிக் கதை என்றாலே பனி வந்து குந்திக்கொள்கிறது.)

மனிதனுக்கும் மீனுக்கும் ஆதிகாலம் தொட்டே— (இது பள்ளிக்கூடக் கட்டுரை.)

கண்ணாடிக்கடைக்காரர் தூண்டில் சங்கத்தின் செயலாளர். (இது போதும். உண்மையா என்று கேட்காதீர்கள்.)

சங்கம் பிடிப்பது பாஸ் மீன். நன்னீரில் வாழ்வது. வாய் பெரிது, முன்கோபம் அதைவிடப் பெரிது. பசித்தால்தான் என்றில்லை, தன் இடத்தில் வந்து யாராவது வாலாட்டினாலே பாய்ந்து கடிக்கும். பிடித்து, எடை போட்டு, மறுபடி ஏரியில் விட்டுவிடுவார்கள். அங்கேதான் வருகிறது கடைக்காரரின் வாதம். போலி இரையைக் கடிக்கும் மீனுக்கு முள் உதட்டில் மாட்டும். உயிருள்ள மீன்குஞ்சை முள்ளில் கோத்துப் போட்டால் அதை மீன் அப்படியே விழுங்கிவிடும், முள் தொண்டைக்குள் இறங்கும். அதற்கப்புறம் ஏரியில் விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம். அதனால் உயிர் இரை கூடாது என்று சங்கத்தோடு மல்லுக்கட்டி விதி கொண்டுவந்தவர் அவர். பேட்டரி இரையையும் அதே பட்டியலில் சேர்த்தவரும் அவரே.

மீன் பார்க்கும் பெட்டியை மட்டும் ஏன் சேர்க்கவில்லை? அவரிடம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் என்று நினைக்கிறேன். மனிதர்தானே.*

* இந்த இடத்தில் 'எழுதுகிறவளும் வாசகருக்குத் தூண்டில் போடுகிறவள்தானே' என்று ஓர் உவமை வரும் என எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கும் வந்தது. விரட்டிவிட்டேன்.

3

முதல் வரைவில் மச்சான் கல்லுமாதிரி இருந்தார். குழாய் ரிப்பேர்க்காரர், முரடர், வீம்பு பிடித்தவர். ரப்பர் மீனை மறுத்துவிட்டார்கள் என்ற வீம்பில் போட்டியன்று உயிர் இரையை ஒளித்துக் கொண்டுவருகிறார், மாட்டிக்கொள்கிறார். கதை சப்பென்று இருந்தது. தப்பு செய்தார், பிடிபட்டார், அவ்வளவுதானே?

அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. கடையில் இருந்த நேரம் முழுக்க அந்த மனிதர் கையை பேண்ட் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுக்கவில்லை. குளிராகக்கூட இருக்கலாம். நான் விடவில்லை. இரண்டாவது வரைவில் அவர் வலது கையை நடுங்க வைத்தேன்.

கதைக்கு உடனே தெம்பு வந்தது. ஏனென்றால் பிளாஸ்டிக் துண்டுக்கு உயிர் கொடுப்பது மணிக்கட்டு. ஒரு சுண்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு சுண்டு. பாஸ் பெரும்பாலும் பாய்வது அந்த நிறுத்தத்தில்தான். நடுங்கும் கைக்கு நிறுத்தம் ஏது? தானாக ஆடும் ரப்பர் மீன் வேண்டும், இல்லையென்றால் தானாக நீந்தும் மீன்குஞ்சு வேண்டும்.

எழுதியதை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் நர்ஸ். என் கதைகளில் வரும் நோய்களை எல்லாம் அவள்தான் திருத்துவாள்.

"நோவு சரிதான்டி. ஆனா இது அழுகுணி ஆட்டம். கை நடுங்குதுன்னு எழுதிட்டா எல்லாரும் அந்தாளு பக்கம் சாஞ்சிடுவாங்க. அப்புறம் எங்க நியாயம் பேசுறது?"

அவள் சொல்வது சரி. நடுக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மச்சான் படகில் ஏறவே மறுத்துவிட்டார். அதனால் இருக்கட்டும்.

4

போட்டி நாள். இருவரும் ஒரே படகில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் மீன் சண்டைக்குப் பிறகு பேச்சு குறைவு. மதியம் நெருங்கும்போது மச்சானின் தூண்டில் கோல் வில்லாக வளைந்தது.

"மாப்ள! வலை! வலையை எடு!"

சண்டையாவது ஒன்றாவது. கடைக்காரர் வலையோடு பாய்ந்தார். மீன் படகுக்குள் வந்து விழுந்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்றைக்கு இதைவிடப் பெரியது யாருக்கும் கிடைக்கப்போவதில்லை. மச்சான் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பிறகு மீனின் வாயைத் திறந்தார்.

முள் உதட்டில் இல்லை. தொண்டையில் இருந்தது. கூடவே ஒரு மீன்குஞ்சின் வால் தெரிந்தது. அது இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

கடைக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை படகு இருக்க, என் படகிலேயா? மச்சான் இடுக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தார். இடுக்கி மீனின் தாடையில் டக்டக்கென்று தட்டியதே தவிர உள்ளே போகவில்லை. கடைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். கொஞ்ச நாளாக வீட்டுக்கு வந்தால் அரை டம்ளர் டீ போதும் என்கிறாரே, சர்க்கரை ஏறிவிட்டதோ என்று நினைத்திருந்தார். முழு டம்ளர் என்றால் தளும்பிவிடும் என்பது இப்போதுதான் உறைத்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

இடுக்கியை வாங்கிக்கொண்டார். எறும்பளவு திருகாணியை மாட்டிப் பழகிய கை. முள்ளைப் பதமாகத் திருப்பி எடுத்து, மீனைப் படகின் தண்ணீர்த் தொட்டியில் விட்டார். அது சாய்ந்து மிதந்து, பிறகு மெல்ல நிமிர்ந்தது.

"எப்பலேர்ந்து?"

"இன்னிக்குத்தான் மாப்ள. ஒரே ஒரு குஞ்சு, டப்பாவுல..."

"கையைக் கேக்குறேன்."

மச்சான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"என்கிட்ட சொல்லியிருந்தா அந்த ரப்பர் மீனை விட்டிருப்பேனே. கை முடியாதவங்களுக்குன்னு விதியில ஒரு வரி சேத்திருப்பேனே மச்சான்."

"சேத்து, நோட்டீஸ் போர்டுல ஒட்டுவே. அதுக்கப்புறம் எவன் வீட்டுக் குழாய் ஒடஞ்சாலும் எனக்கு போன் வராது. போங்கு ஆட்டம் ஆடினான்னு சொல்லு. சங்கத்தை விட்டுத் தூக்கு. தாங்கிக்குவேன். கையைப் பத்தி மட்டும் மூச்சு விடாதே."

தூக்கிவிட்டால் இனி ஞாயிற்றுக்கிழமை படகில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்க நினைத்தார் கடைக்காரர். கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. துடுப்பை எடுத்துக்கொண்டார்.

5

இந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. மச்சான் கேட்பது என் முதல் வரைவை. கை நடுங்காத, வெறுமே ஏமாற்றுக்காரராக இருந்த அந்த சப்பென்ற வரைவை. அதை நான் கிழித்துப்போட்டுவிட்டு, அவர் எதை மூடிவைத்தாரோ அதையே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். கதைக்குத் தெம்பு வேண்டும் என்பதற்காக.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

கடைக்காரர் உண்மை முழுவதையும் சொன்னார். எல்லோரும் எழுந்து வந்து மச்சானின் தோளைத் தட்டி— (அவர் செத்தே போவார்.)

போலி இரைதான் என்று கடைக்காரர் ஒரே போடாகப் போட்டார். மச்சானுக்குக் கோப்பை— (அப்புறம் அந்த விதி எதற்கு?)

உயிர் இரை என்று மட்டும் சொன்னார். மச்சான் நன்றியோடு— (நன்றியாவது.)

மீன் தராசில் ஏறிவிட்டது. எடை போடுகிறவர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, "எந்த இரைங்க?" என்று கேட்கிறார். கடைக்காரர் என்ன சொல்வார் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் ஏற்கெனவே அதிகம் பேசிவிட்டேன். அந்தக் கையைப் பற்றி இப்போது உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது மச்சானுக்கும் தெரிந்துவிட்டது. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.