செல்லக்கிளி மி. மி. மி.

எழுத்தாளர் வருகிறார் என்று மாலதி டீச்சர் திங்கட்கிழமை சொன்னதிலிருந்து செல்லக்கிளி வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. ஏழாம் வகுப்புக்கு அதுதான் பெரிய செய்தி. எழுத்தாளர் வருவதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

காரணம் போர்டு. டீச்சர் வெளியே போனால் லீடர் முகேஷ்குமார் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பான். பேசுகிறவர்கள் பேரை எழுதுவது அவன் வேலை. ஒரு தரம் பேசினால் பேர். பேர் ஏறிய பிறகும் பேசினால் பக்கத்தில் 'மி' என்று போடுவான். மிகப் பேசினாள் என்று அர்த்தம். அதற்கும் அடங்காவிட்டால் இன்னொரு 'மி'. ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்த அந்த நடுநிலைப் பள்ளியில் என்றில்லை, எல்லா ஊர்ப் பள்ளியிலும் இதே சட்டம்தான். ஆனால் செல்லக்கிளியின் பேருக்குப் பின்னால் கிளம்பிய மி-க்கள் போர்டின் ஓரம்வரை போய், இடமில்லாமல் மடங்கிக் கீழே இறங்கிய நாட்கள் உண்டு.

"வெள்ளிக்கிழம சூர்யகலா மேடம் வாராங்க. குழந்தைகளுக்குக் கதை எழுதுறவங்க. உங்களையும் எழுத வைக்கப் போறாங்களாம்" என்று சொன்ன டீச்சர், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். "ஸ்மார்ட் கிளாஸ் ரூம்ல எல்லாரும் உட்கார முடியாது. அதனால இந்த வாரம் யாரு பேரு போர்டுல ஏறலையோ அவங்க மட்டும்தான் வரலாம்."

சொல்லிவிட்டு டீச்சர் பார்த்தது செல்லக்கிளி உட்கார்ந்திருந்த மூன்றாவது பெஞ்சை. மொத்த வகுப்பும் அங்கேதான் பார்த்தது.

செல்லக்கிளிக்கு எழுத்தாளரிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. தான் சொல்வது கதையா, புளுகா என்று தெரிய வேண்டும். வீட்டில் அவளுக்குப் புளுகுணி என்று பேர். பள்ளிக்கூடத்திலும் அதுவே. ஒருநாள் டீச்சரே, "கதை வேற, புளுகு வேற செல்லக்கிளி. கதைன்னா புஸ்தகத்துல இருக்கணும்" என்று சொல்லியிருந்தார். புத்தகத்தில் எழுதுகிற ஆளே நேரில் வரும்போது கேட்டுவிடலாம் அல்லவா? அதற்காகத்தான் இந்த வாய்ப்பூட்டு.

வியாழக்கிழமை சாயங்காலம்வரை பூட்டு நன்றாகவே தொங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் அதைத் திறந்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்மதி.

எழுத்தாளரை அழைத்துவர டீச்சர் பள்ளி வாசலுக்குப் போயிருந்தார். முகேஷ்குமார் போர்டுக்குப் பக்கத்தில் நின்றான்.

"அந்தப் பூசணிக்கா என்னாச்சுடி?" என்று தமிழ்மதி உதடு அசையாமல் கேட்டாள். போன வாரம் பாதியில் நின்றுபோன கதை அது.

செல்லக்கிளி தலையை ஆட்டினாள்.

"செத்த நேரம்தான்டி. டீச்சர் வாரதுக்குள்ள சொல்லிரு. அது பஸ் ஏறுச்சே, அதுக்கப்புறம் எனக்கு ஒறக்கமே இல்லடி."

தூக்கம் கெட்டவளை எப்படிக் கைவிடுவது? செல்லக்கிளி வாயைக் கையால் மறைத்து, தலையை பெஞ்சோடு சாய்த்து ஆரம்பித்தாள். முன் பெஞ்சு பின்னால் சாய்ந்தது. பின் பெஞ்சு முன்னால் குனிந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சாக்கிலிருந்து உருண்டு தப்பித்த பூசணிக்காய் திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்தது. முகேஷ்குமார் காதை அந்தப் பக்கம் கொடுத்தபடி சாக்பீஸை உருட்டிக்கொண்டு நின்றான். அவன் கை போர்டுக்குப் போகவில்லை. வெளியே டீச்சர் குரல் கேட்டதும்தான் அவனுக்குத் தான் லீடர் என்ற ஞாபகம் வந்தது. பதறிப்போய் 'செல்லக்கிளி' என்று எழுதினான்.

"ஏலே, அழிலே!"

ஒரு மி.

"நீயும்தானலே கேட்டுக்கிட்டு நின்ன!"

இன்னொரு மி.

"முகேசு, நல்லாயிருப்ப, அழிச்சிருப்பா!"

மூன்றாவது மி போட்டு முடிக்கவும் டீச்சர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. போர்டைப் பார்த்தார். அவருக்கே கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்ன சொல் சொன்னதுதான். பேர் ஏறாதவர்கள் வரிசையாகப் பக்கத்து அறைக்குப் போனார்கள். செல்லக்கிளி இன்னும் சில மி-க்காரர்களோடு வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். தமிழ்மதி வாசலில் திரும்பிப் பார்த்து, காதைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

சூர்யகலா சின்னாளபட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார். எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். இருமக்கூட ஆள் இல்லை.

"எல்லாரும் நல்லாயிருக்கீங்களா?"

"நல்லா இருக்கோம் மேடம்." ஒரே குரல்.

"கதை பிடிக்குமா?"

"பிடிக்கும் மேடம்."

"சரி, எனக்கு ஒரு கதை சொல்லுங்க பாப்போம்."

யாரும் அசையவில்லை. அறிவுச்செல்வி மட்டும் எழுந்து, டீச்சர் சொல்லிக்கொடுத்த நீதிக்கதையை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, நன்றி வணக்கம் என்று உட்கார்ந்தாள். சூர்யகலா கைதட்டினார். பிறகு, "அந்த ராசா ஏன் காட்டுக்குப் போனாரு?" என்று கேட்டார். அறிவுச்செல்வி டீச்சரைப் பார்த்தாள். அது சொல்லிக்கொடுத்ததில் இல்லை.

எத்தனையோ பள்ளிகளைப் பார்த்தவர் சூர்யகலா. பிள்ளைகள் வாய் திறக்காத இடத்தில் பேனாவைப் பற்றிப் பேசுவது வீண் என்று அவருக்குத் தெரியும். சத்துணவுக் கூடத்திலிருந்து தாளிக்கிற வாசம் வந்தது. மூக்கை உறிஞ்சினார்.

"அது கெடக்கட்டும். இன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பாடு?"

"சாம்பார் சாதம் மேடம்."

"சாம்பார்ல என்ன காய்?"

"பூசணிக்கா—" என்று பாதிக் குரல்கள் சொல்லி, சொல்லும்போதே உடைந்தன. தமிழ்மதி குனிந்து வாயைப் பொத்தினாள். பின்னால் யாரோ க்ளுக் என்றார்கள். வரிசை வரிசையாகத் தோள்கள் குலுங்கின.

"பூசணிக்காயில என்னப்பா அம்புட்டுச் சிரிப்பு?"

எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். முகேஷ்குமாரால் முடியவில்லை. எழுந்துவிட்டான்.

"மேடம், அந்தப் பூசணிக்கா சாம்பாருக்குப் போக மாட்டேன்னு தப்பிச்சிருச்சு மேடம். பஸ்ல சீட்டுப் போட்டு உட்கார்ந்துக்கிட்டு வருது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுன்னா, 'சாக்குல வந்தாத்தான் லக்கேஜ். சீட்டுல உட்கார்ந்தா ஆளு. ஆள் டிக்கெட் குடுங்க'ங்குது மேடம்!"

சூர்யகலா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ம். அப்புறம்?"

"ரெட்டியார்சத்திரம் ஸ்டாப்புல நம்ம சத்துணவு பேச்சாயியக்கா ஏறிட்டாங்க. வேற எடமில்ல. நேரா வந்து பூசணிக்கா பக்கத்துலயே உட்கார்ந்துட்டாங்க. மடியில பை. பைக்குள்ள அருவாமணை."

"ஐயையோ! அப்புறம்?"

முகேஷ்குமாரின் குரல் இறங்கியது. "தெரியாது மேடம். அங்கதான் நான் அவ பேர எழுதிட்டேன்."

"எவ பேர?"

எல்லோரும் பக்கத்து வகுப்பைக் கைகாட்டினார்கள். விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. மாலதி டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி, "ரொம்பப் பேசுவா மேடம், அதான்..." என்று இழுத்தார்.

"டீச்சர், பூசணிக்காய அருவாமணைக்குப் பக்கத்துல விட்டுட்டு நான் எப்படி சின்னாளபட்டி போய்ச் சேருவேன்? அந்தப் புள்ளையக் கூப்பிடுங்க."

தமிழ்மதி ஓடியே போய்க் கூட்டிவந்தாள். மி-க்காரர்கள் எல்லோருமே கூட வந்துவிட்டார்கள். இடம் போதாது என்றிருந்த அறையில் எப்படியோ இடம் வந்தது. செல்லக்கிளி எல்லோருக்கும் முன்னால் நிறுத்தப்பட்டாள்.

"சொல்லும்மா" என்றார் சூர்யகலா.

செல்லக்கிளி வாயைத் திறந்தாள். மூடினாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அப்படி யாரும் பார்க்க அவள் கதை சொன்னதே இல்லை. கால் கட்டைவிரல் தரையைக் கிண்டியது. கேட்கவேண்டிய கேள்வியும் மறந்துபோனது.

"ஏலே, மி மி மி ஊமையாயிருச்சுலே!" என்று பின்னாலிருந்து மதன்குமார் கத்தினான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சூர்யகலா அவள் பக்கத்தில் குனிந்து கேட்டார். "நீ வழக்கமா எப்ப கதை சொல்லுவ?"

"லீடர் போர்டுப் பக்கம் திரும்பும்போது" என்றாள் செல்லக்கிளி, தன்னை அறியாமல் கையால் வாயை மறைத்துக்கொண்டு.

சூர்யகலா அந்தக் கையைப் பார்த்தார். நிமிர்ந்து முகேஷ்குமாரிடம் சாக்பீஸை வாங்கினார்.

"நீ போய் உன் எடத்துல உட்காரு. டீச்சர், நீங்களும் பெஞ்சுல உட்காருங்க. இப்ப நான்தான் லீடர். யாரும் மூச்சு விடக் கூடாது. பேச்சுச் சத்தம் கேட்டுச்சு, பேரு எழுதிருவேன்."

சொல்லிவிட்டு எல்லோருக்கும் முதுகைக் காட்டி, போர்டைப் பார்த்து நின்றுகொண்டார். பெரிய எழுத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதிக் கீழே ஒரு கோடு போட்டார்.

மாலதி டீச்சர் முதல் பெஞ்சு நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே நின்ற தமிழ்மதி முழங்கையால் இடித்தாள். செல்லக்கிளி ஒருமுறை லீடர் முதுகைப் பார்த்துக்கொண்டாள். பிறகு தலையைச் சாய்த்தாள். கை வாய்க்குப் போனது.

"பேச்சாயியக்கா பூசணிக்காயத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க" என்று கிசுகிசுத்தாள். "தட்டிப் பாத்தாங்க. 'நல்ல வெளஞ்ச காயி. மத்தியான வெஞ்சனத்துக்கு ஆச்சு'ன்னாங்க. பூசணிக்காய்க்கு வேர்த்து ஊத்துது. 'அக்கா, அக்கா, நான் காய் இல்லக்கா. ஸ்கூல்ல சேரப் போறேன்'னுச்சு."

பெஞ்சுகள் நகர்ந்தன. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்தன.

"அக்கா நம்பல. 'எத்தனாப்பு?'ன்னாங்க. 'ஏழாப்பு'ன்னுச்சு. 'அப்ப பை எங்க?'ன்னாங்க. 'பையி, புஸ்தகம் எல்லாம் ஸ்கூல்ல சும்மா குடுப்பாங்கல்லக்கா'ன்னுச்சு. அதுவும் சரிதானேன்னு அக்காவே கையப் புடிச்சு, கை இல்ல, காம்பப் புடிச்சு, நம்ம ஸ்கூலுக்குக் கூட்டியாந்துட்டாங்க."

"அப்புறம்?"

கேட்டது மாலதி டீச்சர். நல்ல சத்தமாகவே கேட்டுவிட்டார்.

சூர்யகலா திரும்பவில்லை. கோட்டுக்குக் கீழே நிதானமாக எழுதினார்: மாலதி.

வகுப்பு உறைந்துபோய், மறுநொடி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்புறம் அது வகுப்புல வந்து உட்கார்ந்துச்சு" என்று செல்லக்கிளி தொடர்ந்தாள். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "நாள் பூரா உட்கார்ந்திருந்துச்சு. பேசல. திரும்பல. சிரிக்கல. போர்டுல அதுக்கு மட்டும் பேரே ஏறல. டீச்சர் பாத்தாங்க. 'இம்புட்டு அமைதியான புள்ளைய நான் பாத்ததே இல்ல'ன்னு சொல்லி..."

"சொல்லி என்ன பண்ணேன்?" என்றார் டீச்சர் பொறுக்கமாட்டாமல்.

மாலதி மி.

"அத லீடராக்கிட்டாங்க!"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லாத் தலைகளும் முகேஷ்குமார் பக்கம் திரும்பின. அறையே வெடித்தது. மதன்குமார் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தான். முகேஷ்குமார் கன்னத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துக்கொண்டு, "ஏலே, நான்தான் பூசணிக்காயா?" என்று கேட்டான். கேட்டவனுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சூர்யகலா போர்டில் நெற்றியை முட்டுக்கொடுத்துச் சிரித்தார். திரும்பும்போது நெற்றியெல்லாம் சாக்பீஸ்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்லக்கிளியிடம் வந்தார். அவளுக்கு இப்போது கேள்வி ஞாபகம் வந்திருந்தது.

"மேடம், இது கதையா, புளுகா?"

"நீ என்ன நெனைக்கிற?"

"புஸ்தகத்துல இல்லையே."

"என் கதையும் எழுதுறதுக்கு முன்னாடி புஸ்தகத்துல இல்லம்மா. எழுதிக் குடு. அடுத்த வாரம் சித்தையன்கோட்டைப் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுறேன். கேட்டவங்க 'அப்புறம்'னு சொன்னா கதை. இங்கதான் ரெண்டு தடவ சொல்லியாச்சே." அவர் கை போர்டைக் காட்டியது. மாலதி டீச்சர் சிரித்துக்கொண்டே முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

செல்லக்கிளி தயங்கினாள். "எழுத்து கோணலா வரும் மேடம். பேச மட்டும்தான் தெரியும்."

"நான் எழுதுறேன் மேடம்" என்று முகேஷ்குமார் எழுந்தான். அவன் கையெழுத்து வகுப்பிலேயே அழகு. "அவ சொல்லட்டும். ஆனா லீடர் பூசணிக்கான்னு மட்டும் எழுத மாட்டேன். பூசணிக்கா டீச்சராயிருச்சுன்னு மாத்திக்கலாம்."

"ஏலே!" என்றார் மாலதி டீச்சர்.

"மாத்தவெல்லாம் முடியாது" என்று செல்லக்கிளி பட்டென்று சொன்னாள். "நானே எழுதிக்கிறேன்."

சூர்யகலா ஒரு வெள்ளைத் தாளை அவளிடம் நீட்டினார். மற்ற பிள்ளைகளுக்கும் தாள் போனது. கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கப் பேனா சத்தம். டீச்சரும் ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டார்.

செல்லக்கிளி நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினாள். வரிகள் மேலே ஏறிக் கீழே இறங்கின. ஆனாலும் பஸ் நிற்காமல் ஓடியது. முகேஷ்குமார் தன் தாளை விட்டுவிட்டு, கழுத்தை நீட்டி அவள் தாளை எட்டிப் பார்த்தான். அதில் பேச்சாயியக்கா அப்போதுதான் பஸ் ஏறியிருந்தார்.

"அதான் தெரியுமே. பூசணிக்கா லீடரானதுக்கு அப்புறம் என்னாச்சு?" என்றான் மெதுவாக.

செல்லக்கிளி தலை நிமிரவில்லை.

"பேசாத. பேரு எழுதிருவேன்."