மதலைமுத்துவின் மூக்குக்கண்ணாடி

வனஜாவின் பொறாமையைக் கேட்டு அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. ஸ்ரீராம்புரத்தில் ஒரே சந்தில் இருந்தவர்கள் வனஜாவும் பிரிஜெட்டும். ஆற்றில் ரயில் கவிழ்ந்து நாடே அழுததே, அதில் இருவருமே புருஷனைப் பறிகொடுத்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 2002இல், செத்தவர்களுக்காக அல்சூர் பக்கம் நினைவு மண்டபமும் மியூசியமும் திறந்தார்கள். இருவரும் சேர்ந்தேதான் பஸ் ஏறிப் போனார்கள்.

வெளிச்சுவர் முழுக்கப் பெயர்கள். வனஜாவின் புருஷன் ஆதிகேசவன் அதில் எங்கோ நடுவில் இருந்தார். உள்ளே போனால், பிரிஜெட்டின் புருஷன் மதலைமுத்துவின் மூக்குக்கண்ணாடி! தனிப் பெட்டி, தனி விளக்கு. ஸ்கூல் பிள்ளைகள் சுற்றி நின்று வாய் பிளந்து பார்த்தார்கள்.

வனஜாவுக்கு வயிறு எரிந்தது. கொடுக்க அவளிடம் என்ன இருந்தது? எதையாவது வைத்திருந்தால் போனவர் வாசலிலேயே நிற்பார் என்று அப்போது பெரியவர்கள் சொன்னார்கள். கருமாதி அன்றே வேட்டி, சட்டை, செருப்பு எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்திருந்தாள்.

மறுவாரம் பழைய சாமான் கடையில் ஒரு வாட்ச் வாங்கிப் போய், புருஷனுடையது என்று மியூசியத்தில் நீட்டினாள். அங்கிருந்த கிருஷ்ணப்பா ஒரு ஃபாரம் கொடுத்தார். "அவருதுதான்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் சைன் போடணும்மா."

தெரிந்தவள் பிரிஜெட்தான். ஃபாரத்தோடு அவள் வீட்டுக்குப் போனாள் வனஜா. பிரிஜெட் வாட்சைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்க்கா, உன் வீட்டுக்காரரு என்னிக்கு வாட்ச் கட்டுனாரு? மணி கேக்கவே எங்க ஜன்னலைத் தட்டுவாரே!"

"உனக்கென்னடி! லைட்டு போட்டு வெச்சிருக்காங்க. வர்றவன் போறவன் எல்லாம் உன் புருஷனைத்தான் பாக்குறான்."

"புருஷனையா?" பிரிஜெட் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "உன் ஆளு வீடு வந்தாரு. மாலை போட்டுத் தூக்கிட்டுப் போனாங்க. நான் சந்து முனையில நின்னு பாத்தேன். அப்படியே உன் மூஞ்சியப் பிராண்டணும் போல இருந்துச்சு. என் ஆள ஆறு கொண்டு போயிடுச்சு. ரயில் பொட்டியில கெடந்த அந்தக் கண்ணாடிதான் எனக்குக் கெடைச்சுது."

பிரிஜெட் ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பேனாவைக் குடு, போடறேன். ஆனா என் ஆளு பெட்டியில மட்டும் இதை வெக்கக் கூடாது, சொல்லிட்டேன். கல்லறைன்னு அவருக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

வனஜாவின் பொறாமை அந்த நிமிடமே தீர்ந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் பேனாவைக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை.