உத்தரிய நூல் கட்டிய சீசா

"ஃப்ளோரா, ஊசி டயம் தாண்டிப் போச்சும்மா" என்று அப்பா கூப்பிட்டபோது, ஃப்ளோரா செத்துப்போன அம்மாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்கள் வீங்கியிருந்தன. மாலை இரண்டு சுற்றுக்கு மேல் வரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அம்மா வெரோனிகா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே "பின்மண்டை வலிக்குதுடி" என்றாள். அப்படியே சாய்ந்தாள், வாய் கோணிற்று. சாந்தோம் கோவிலில் மணி அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு மாதமாக அதே பின்மண்டையில் ஃப்ளோராவுக்கும் வலி. வயது முப்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்துவதால்தான் என்று சொல்லிவந்தாள். இன்று அப்படிச் சொல்லிக்கொள்ளத் தைரியமில்லை.

"மலை மாதிரி இருந்த பொம்பள, இன்னாம்மா இது! ஒரு நாள் படுத்துக்கினு பார்த்ததில்லையே" என்று பக்கத்து வீட்டு ஐவி மூக்கைச் சிந்தினாள்.

இந்த வீட்டில் படுத்துக்கொள்ளும் உரிமை அப்பா பிரகாசத்துக்கு மட்டும்தான். துறைமுக ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற நாளாக அவருக்குச் சர்க்கரை வியாதி. யுத்தத்தில் கப்பல் சரியாக வராததால் மாதம் ஒரு சீசா இன்சுலின் கிடைத்தாலே பெரிசு. அதை அம்மா ஈரத்துணி சுற்றித் தண்ணீர்ப் பானை ஓரத்தில் காத்து வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் டாக்டர் பிரஷர் கருவியோடு வருவார். அப்பாவின் கையில் பட்டை இறுகும்போது அம்மா பக்கத்தில் நின்று விசிறுவாள். போன தவக்காலத்தில் ஒரு நாள் விளையாட்டுப்போலத் தன் கையையும் நீட்டினாள்.

"எனக்கும் ஒரு தரம் கட்டிப் பாருங்களேன் டாக்டர். தலை கிறுகிறுங்குது."

டாக்டர் சிரித்தார். "இதெல்லாம் ஆம்பளைங்க வியாதிம்மா. உங்களுக்குக் கர்ப்பப்பையே ஒரு காவல். வயசுக் கோளாறு, வேற ஒண்ணுமில்ல."

அப்பாவும் சிரித்தார். ஃப்ளோராவும்தான் சிரித்தாள். அம்மாவுக்குத் தீட்டு நின்று ஆறு வருஷம். காவல் எப்போதோ போய்விட்டது, அதை யாரும் கேட்கவில்லை.

ஊசிக்கு முன்னால் சிறுநீரில் சர்க்கரை பார்க்க வேண்டும். தினமும் அம்மா செய்த வேலை. ஃப்ளோரா குளியலறை மாடத்திலிருந்து அப்பாவின் சிறுநீர்ச் சீசாவை எடுத்தாள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். லேசான பச்சை. பரவாயில்லை.

சீசாவைத் திருப்பி வைக்கும்போது பின்னால் இன்னொரு சிறுநீர்ச் சீசா தட்டுப்பட்டது. அதன் கழுத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டியிருந்தது. அம்மா கழுத்தில் போட்டிருந்த மாதா உத்தரியம் போன மாதம் அறுந்ததே, அந்தப் பழுப்பு நூல். வீட்டில் இருந்தது மூன்று பேர். அது அப்பாவுடையதும் இல்லை, ஃப்ளோராவுடையதும் இல்லை.

அதையும் காய்ச்சிப் பார்த்தாள். நீலம் பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று. பிறகு குழாய் முழுக்கச் செங்கல்பொடி கரைத்தது போல் சிவந்துவிட்டது. அப்பாவுக்குக்கூட இவ்வளவு சர்க்கரை ஏறியதில்லை.

"அடிப்பாவி அம்மா, உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்று வாய்விட்டே சொன்னாள். ஒரு சீசா மருந்து இரண்டு பேருக்குக் காணாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். வந்த கோபத்தில் ஃப்ளோராவால் அழக்கூட முடியவில்லை.

இன்றும் செவ்வாய்தான். கூடத்துக்கு வந்தபோது டாக்டர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அப்பாவின் கையில் பட்டையைக் கட்டியிருந்தார்.

"நூத்தம்பதுதான். பயப்பட வேணாம். இந்த அதிர்ச்சியில உங்களுக்கு ஏறிடுமோன்னு பார்த்தேன்."

"அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்ல டாக்டர்" என்றார் அப்பா. "சர்வேசுரன் கூப்பிட்டுக்கிட்டார்."

ஃப்ளோரா சிவந்த குழாயை டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஐயோ, அப்பாவோடதா?"

"அம்மாவோடது."

சவப்பெட்டியைச் சுற்றி மாதாவுக்குப் பிரியதத்த மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அப்பா குழாயைப் பார்த்தார், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். டாக்டர் அவசரமாகப் பட்டையைச் சுருட்டப் போனார்.

"சுருட்டாதீங்க. எனக்கும் பின்மண்டை வலிக்குது."

அப்பா தானாகவே எழுந்து நாற்காலியை விட்டார். ஃப்ளோரா உட்கார்ந்து, முழங்கை வரை நீண்ட கறுப்பு ரவிக்கையின் கையை மேலே ஏற்றினாள். யாரும் சிரிக்கவில்லை.

பட்டை இறுகியது. பாதரசம் நூற்றைம்பதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. டாக்டர் காற்றை இறக்கினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு டாக்டர்?"

அவர் மறுபடியும் ரப்பர் பந்தை அமுக்கத் தொடங்கினார். அப்பா சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் விசிறியை எடுத்துவந்து, ஃப்ளோராவின் பக்கத்தில் நின்று வீசினார்.