கார் போகாத தீவு

ஆம்புலன்ஸ் ஓட்டுகிற மனுஷனிடம் போய், காரே இல்லாத தீவுக்கு லீவுக்குப் போகலாம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். மச்சானுக்கு அது தாராளமாகவே இருந்தது. டிரைவருடைய மனைவியின் தம்பி அவன். ஃபிரிட்ஜ் விற்கிற கடையில் வேலை. எதையும் யார் தலையிலும் கட்டிவிடுவான்.

"காரே கிடையாது அத்தான்! பைக் கிடையாது, பஸ் கிடையாது. சைக்கிள், இல்லன்னா நடை. படகை வாடகைக்கு எடுக்கிறோம், அதுலயே சமைக்கிறோம், அதுலயே தூங்குறோம். ஹாரன் சத்தமே காதுல விழாது, யோசிச்சுப் பாருங்க!"

டிரைவர் யோசித்துப் பார்த்தார். சாப்பாட்டு மேஜை நடுவில் மச்சானின் போன் கிடந்தது. மனைவியும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அதில் நீலத் தண்ணீரையும் வெள்ளைப் படகையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். கார் போகாது என்றால் ஆம்புலன்ஸும் போகாது.

அவர் அப்படிப்பட்ட ஆள். கல்யாண மண்டபத்துக்குப் போனால் வண்டியை வாசல் பார்த்துத்தான் நிறுத்துவார். யாராவது புது வீடு கட்டி ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டினால், மாடிப்படி வளைவில் நின்று, "இதுல ஸ்ட்ரெச்சர் திரும்பாதே" என்பார். வீட்டுக்காரர்களின் முகம் செத்துப்போகும். மனைவிக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருக்கும். பார்க்கிற வேலை அப்படி என்று சொல்லி அவரை மன்னித்துவிடலாம். ஆனால் காரணம் வேலை மட்டும் இல்லை.

காரணம் சிட்டு. ஒரே மகள், எட்டாம் வகுப்பு. ஓரிடத்தில் நில்லாமல் பேசிக்கொண்டே திரிவதால் அந்தப் பெயர். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு வரும். ஒரு தடவை அது நிற்காமல் போய், அவரே தன் வண்டியில் அவளைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். ஊரில் யார் யார் பிள்ளைகளையோ பதறாமல் கொண்டுபோய்ச் சேர்த்த கை, அன்றைக்கு ஸ்டியரிங்கில் நிற்கவில்லை. பிறகு மருந்து மாற்றினார்கள். இரண்டு வருடமாக ஒன்றும் இல்லை. மனைவி அந்த இரண்டு வருடத்தை நம்பினாள். அவர் நம்பவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் வேலைக்கு நடுவே படகு வாடகைக்கு விடுகிற ஆபீசுக்குப் போன் போட்டார். எடுத்த பெண் இனிக்க இனிக்கப் பேசினாள். படகில் அடுப்பு உண்டா, படுக்கை எத்தனை, கழிப்பறை எப்படி என்று எல்லோரும் கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். அவர் கேட்டது வேறு.

"தீவுல ஒருத்தருக்கு உடம்புக்கு முடியாம போனா என்ன செய்வீங்க?"

"ஒரு நர்ஸ் இருக்காங்க சார். ரொம்ப சீரியஸ்னா தள்ளுவண்டியில படகுத்துறைக்குக் கொண்டுவந்து, அங்கேருந்து படகுல கரைக்கு அனுப்புவோம்."

"தள்ளுவண்டியிலயா?"

"நல்ல வண்டிதான் சார்."

"காத்து அடிச்சா?"

"காத்து அடங்குற வரைக்கும் படகு எடுக்க மாட்டாங்க சார். சட்டம் அப்படி."

போனை வைத்துவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடினால் தள்ளுவண்டி. அதில் சிட்டு. கட்டாந்தரையில் சக்கரம் கடகடக்கிறது, படகுத்துறையில் கயிற்றைக் கட்டிப் போட்டுவிட்டு ஒருவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னால் கேட்பார்களா? அவர் சொன்னார், கேட்கவில்லை. மச்சான் அதற்குள் லீவு போட்டுவிட்டான். சனிக்கிழமை எல்லோரையும் இழுத்துக்கொண்டு மிதவை ஜாக்கெட் வாங்கக் கடைக்குப் போனான். சிட்டு ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு சுற்று சுற்றினாள்.

"நான் படகோட முன்னாடிதான் உக்காருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"இது போதும், இதையே கொடுங்க" என்றாள் மனைவி.

டிரைவர் கடைக்காரரிடம் போனார். குரலைத் தணித்துக்கொண்டதாகத்தான் அவர் நினைப்பு. வருஷக்கணக்காக சைரனுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அது.

"மயக்கமா ஒருத்தர் தண்ணியில குப்புற விழுந்தா, இது முகத்தை மேல திருப்பிவிடுமா?"

"இது திருப்பாதுங்க. அதுக்குக் கழுத்துப் பட்டை வச்சது தனியா இருக்கு." கடைக்காரர் நல்ல மனுஷன்தான். திரும்பி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "யாருக்கு மயக்கம் வரும்?"

எல்லோரும் சிட்டுவைப் பார்க்காமல் இருந்ததிலேயே கடைக்காரருக்கு விஷயம் புரிந்துபோனது. சிட்டு ஜாக்கெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"நோயாளியை ஏத்திக்கிட்டுப் போறதுக்கும் பெத்த பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? ரெண்டு வருஷம் ஆச்சுங்க. மருந்தை ஒரு வேளை தப்பாம சாப்பிடுறா. இன்னும் என்ன செய்யணும் அவ?"

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? அதை எதுக்கு அவ தலையில வைக்கிறீங்க?"

மறுநாள் ஞாயிறு, டூட்டி முழுக்க ஆம்புலன்ஸைக் கழுவினார். கழுவின வண்டியையே திரும்பக் கழுவினார். கடை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மகள் மனசை விட்டுப் போகவில்லை. பயம் போய்விட்டதா என்றால், எங்கே போகும், அது அப்படியேதான் இருந்தது. ஆனால் மகளை அவமானப்படுத்திவிட்டோம் என்கிற வருத்தம் அதற்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

"போகலாம். உன் தம்பியைப் படகுக்குச் சொல்லிடச் சொல்லு. சிட்டு முன்னாடியே உக்காரட்டும். நான் பின்னாலேயே நின்னு உயிரை வாங்க மாட்டேன்."

மனைவி நம்பாமல் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே தம்பிக்குப் போன் போட சமையலறைக்கு ஓடினாள். மச்சான் அந்தப் பக்கம் விசிலடித்தது கூடத்துக்கே கேட்டது. சிட்டு மட்டும் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. இன்னும் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் பால்கனிக்குப் போய்த் துணிகளை எடுக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்து கதவோரமாக நின்றாள்.

"அப்பா."

"என்னடா?"

"வேண்டாம்னு சொல்லிடுங்கப்பா."

"எதை?"

"தீவுக்குப் போறதை. நீங்களே வேண்டாம்னு சொல்லிடுங்க. எப்பவும் போல." உதடு கோணிக்கொண்டு வந்தது. "நீங்க எப்படியும் விட மாட்டீங்கன்னு நினைச்சுதான் நான் ஆசைப்பட்டேன்."

அவருக்கு விளங்கிவிட்டது. எத்தனையோ வீடுகளில், வாசலில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்ததுமே உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று விளங்கும், அதே மாதிரி. கையிலிருந்த துணியைக் கம்பிமேலேயே போட்டார்.

"திரும்ப வந்துச்சா?"

தலையை ஆட்டினாள்.

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

"எங்கே?"

"ஸ்கூல்ல. ஒரு தடவை கிரவுண்டுக்குப் பின்னாடி. என் ஃபிரெண்ட் கூட இருந்தா. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் வைக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லிக் கொடுத்தீங்கல்ல, அதையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்."

"இன்னொரு தடவை?"

"பாத்ரூம்ல."

"யார் இருந்தா?"

"யாரும் இல்லப்பா. தாழ்ப்பாள் போட்டிருந்தேன்."

பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில்தான். அந்தப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு மத்தியானம் சாப்பிடுவது அவர் வழக்கம். கடலையும் காற்றையும் தள்ளுவண்டியையும் நினைத்து நினைத்து அவர் செத்துக்கொண்டிருந்தபோது, பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் தரையில் கிடந்திருக்கிறாள். தானாக எழுந்து, முகம் கழுவி, யூனிஃபார்மைத் தட்டிவிட்டுக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீங்க ஸ்கூலையும் வேண்டாம்னுடுவீங்க." அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா ரெண்டு வருஷம், ரெண்டு வருஷம்னு எல்லார்கிட்டயும் சொல்றாங்க. அதையும் எப்படிக் கெடுக்கிறது? ஆனா நீங்க இப்ப திடீர்னு முன்னாடி உக்காந்துக்கோன்னதும் பயமாயிடுச்சுப்பா. தண்ணியில விழுந்தா நான் என்ன செய்வேன்?"

திட்ட வாயெடுத்தார். திட்டினால் மூன்றாவது தடவை வருவதும் தனக்குத் தெரியாமல் போய்விடும் என்று தோன்றியது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது.

"இனிமே வந்தா சொல்லணும். உடனே."

"நீங்க பயப்பட மாட்டேன்னு சொல்லுங்க. அப்ப சொல்றேன்."

"பயப்பட மாட்டேன்."

அவருடைய கை அவள் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள்.

"பொய் சொல்றீங்க."

"ஆமா, பொய்தான். பயப்படுவேன். நடுங்குவேன். அழுதாலும் அழுவேன். அதுக்காக ஸ்கூலை நிறுத்த மாட்டேன். நீ சொல்லணும்."

சரி என்றாள் சிட்டு. நாளைக் காலையில் டாக்டரைப் பார்க்கலாம் என்றார் அவர். அதற்கும் சரி என்றாள்.

போனைக் காதில் வைத்தபடியே மனைவி வந்தாள். சிரிப்பு இன்னும் முகத்தைவிட்டுப் போகவில்லை.

"எந்தக் கிழமை கிளம்பலாம்னு தம்பி கேக்குறான். அட, ரெண்டு பேரும் ஏன் தரையில உக்காந்திருக்கீங்க?"

டிரைவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள்.

"போனை வச்சுட்டு இங்க வந்து உக்காரு" என்றார். "சிட்டு உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."