தாழ்ப்பாளின் வாசகர்கள்

சமையலறைக் குப்பைக்கூடையைப் பழைய செய்தித்தாளின் மேல் கவிழ்த்தாள் மகள். ஊறிய தேயிலைத்தூள், வெங்காயத் தோல், நடுவே மாத்திரை அட்டைகள். ஒவ்வொன்றாகத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. அப்பாவுக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கி அனுப்புவதும் அவள்தான்.

மாத்திரைக் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. தொட்டியின் ஓரத்தில் அப்பாவின் பால் டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கட்டிலில் புருஷன் செத்துக் கிடக்கிறார். அம்மா டம்ளர் கழுவியிருக்கிறாள்.

"என்னடி தேடற?"

வாசற்படியில் அத்தை நின்றிருந்தாள். அப்பாவின் கூடப் பிறந்த தங்கை.

"கம்மல் திருகாணி விழுந்துடுச்சு அத்தை."

அத்தை அவள் காதைப் பார்த்தாள், குப்பையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து சாயங்காலம்கூட அண்ணன் போன்ல கணீர்னு பேசினான். டாக்டர் வந்து தொட்டுப் பார்த்துட்டு இருதயம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. உங்கம்மா கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல, கவனிச்சியா?"

கவனித்திருந்தாள். ஆனால் அவளைக் குப்பையைக் கிளற வைத்தது கண்ணீர் வராதது மட்டுமல்ல.

‘தாழ்ப்பாள்’ என்ற புனைபெயரில் யாரோ எழுதிய துப்பறியும் நாவல் ஒன்று அந்த வருஷம் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. மருந்துக் கடையில் பில் போடும் அக்கா அதை அவள் கையில் திணித்து, படித்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மின்சாரத் திருட்டைப் பிடித்துவந்து, கடைசிக் காலத்தில் பார்வை இழந்த அதிகாரி ஒருவர். ஊரில் ஒருத்தரையும் நம்பாதவர். அவர் மனைவி பாலில் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து அவரைக் கொன்றுவிடுகிறாள். எல்லாரும் இயற்கைச் சாவு என்று எழுந்து போகும்போது, கழுவி வைத்த டம்ளரைப் பார்த்துத் துப்பறிவாளருக்குப் பொறி தட்டுகிறது.

சில பக்கங்களிலேயே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது அவர்கள் வீடு. தூக்கிப் பிடித்தால்தான் மூடும் குளியலறைக் கதவு, கால் ஆடும் சாப்பாட்டு மேஜை, எல்லாம் அப்படியே. அப்பாவும் ஓய்வு பெறும்வரை கள்ள மீட்டர் பிடித்தவர். வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. "முதல்ல நீ ஒரு மடக்கு குடி" என்பார் அம்மாவிடம், பால் டம்ளரை நீட்டி. வந்தவர்கள் சிரிப்பார்கள். அம்மா குடித்துக் காட்டுவாள்.

அம்மா ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். போன வருஷம் மகள் சொல்லாமல் வந்து நின்றபோது கம்ப்யூட்டரில் எதையோ மடமடவென்று அடித்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் திரையை அணைத்துவிட்டாள். சர்க்கரையால் அப்பாவுக்குப் பார்வை போயிருந்த நேரம் அது. நாவலைப் படித்து முடித்த அன்றே மகள் முடிவு கட்டிவிட்டாள், தாழ்ப்பாள் யார் என்று.

வாசகர்கள் எழுதும் இணையப் பக்கத்தில் தினமும் போய்ப் பார்ப்பாள். ‘கொன்றவளுக்கு விருது கொடுக்க வேண்டும்.’ ‘துப்பறிவாளர் இந்த ஒரு கேஸை விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடுவார்?’ இன்று காலை பஸ்ஸில் கண்ணில் பட்டது: ‘இவ்வளவு காலம் அவள் ஏன் பொறுத்திருந்தாள்? அது மட்டும்தான் நம்பும்படி இல்லை.’

முன்னறையில் யாரோ புதிதாக வந்திருந்தார். மலர்வளையத்தை அப்பாவின் காலடியில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். அம்மாவிடம் தலையசைத்துவிட்டு, மகளை வராந்தா பக்கம் அழைத்தார்.

"நான் பதிப்பாளரும்மா. சார் பேரை வெளியில சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. தாழ்ப்பாள் போயிட்டார்னு இனிமேலாவது போடலாமா? வீட்டுல கலந்துகிட்டுச் சொல்லுங்க."

"தாழ்ப்பாள்... அப்பாவா?"

"உங்களுக்கே தெரியாதா?" என்றார் அவர்.

அவள் நேராக அம்மாவிடம் போனாள். கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்பாவா எழுதினாரு? நீ அவரைக் கொல்ற மாதிரியா?"

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "அவர் சொன்னாரு. நான் அடிச்சேன். கண்ணு தெரியாத மனுஷன், வேற யார்கிட்ட போவாரு?"

"உனக்குக் கோபம் வரலையா?"

"வராம? அவர் சொன்ன கதையில புருஷன் சொக்கத் தங்கம். வாயைத் திறந்தா முத்து உதிரும். பொண்டாட்டிதான் ராட்சசி. அடிக்க அடிக்க எனக்கே சிரிப்பு வந்துடுச்சு." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அதனால அந்தப் புருஷன் பேசற இடத்துல எல்லாம், அவர் சொன்னதை விட்டுட்டு, இத்தனை வருஷமா என்கிட்ட பேசினதை அடிச்சு வெச்சேன். திருப்பிப் படிச்சுக் காட்டறப்போ அவர் சொன்னதையே ஒப்பிச்சுட்டேன்."

மகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"புத்தகம் வந்ததும் ஜனங்க என்ன சொல்றாங்கன்னு படிக்கச் சொன்னாரு. அதுல மட்டும் நான் எதையும் மாத்தல. ஒருத்தராவது அந்த மனுஷனுக்காகப் பரிஞ்சு பேசுவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தாரு. ஒருநாள் ஒரு பொண்ணு எழுதியிருந்தா, ‘உங்கப்பன் வீட்டுல மீட்டரே கிடையாது, உனக்கு யூனிட்டைப் பத்தி என்ன தெரியும்னு புருஷன் கேக்கற இடத்துல புத்தகத்தை மூடி வெச்சுட்டேன்’னு. இதை நான் கதையில சொல்லலையேன்னாரு. நீங்க சொன்னதுதான்னேன். எப்போன்னாரு. கல்யாணம் ஆன மறுமாசம்னேன்."

"அப்புறம்?"

"ரேடியோவை நிறுத்தச் சொன்னாரு." விரலில் சுற்றிய தலைப்பை அம்மா அவிழ்த்தாள். "அன்னிலேர்ந்து என்னைக் குடிச்சுக் காட்டச் சொல்லல. கையை நீட்டி வாங்கிக் குடிச்சுடுவாரு. நேத்தும் அப்படித்தான்."

"டம்ளரை ஏம்மா கழுவின?" கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது தெரிந்தது, குப்பைக்கூடைகூட.

"நாலு பேரு வந்து போற இடத்துல எச்சில் டம்ளரை அப்படியே போட்டு வெப்பாங்களா?" என்றாள். எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனாள்.

வண்டி வந்தது. அப்பாவைத் தூக்கும்போது அத்தை அவள் பக்கம் ஒட்டி நின்றாள். "திருகாணி கிடைச்சுதா?"

"எதுவும் விழலை அத்தை. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

அத்தை மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். மகள் நகர்ந்து போய் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அம்மா தடுக்கவுமில்லை, சாயவுமில்லை.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அம்மா குளித்து ஈரத் தலையோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு யாராவது எழுதியிருக்காங்களா?"

மகள் செல்போனை எடுத்துத் தள்ளிப் பார்த்தாள். ஒன்று இருந்தது. தனக்குள் ஒரு தடவை படித்துவிட்டு, தயங்கி, வாய்விட்டுப் படித்தாள்.

"‘அந்தக் கணவனை முதல் பக்கத்திலிருந்தே வெறுத்தேன். ஆனாலும் கடைசி டம்ளரை அவர் தடவித் தடவிக் கையில் வாங்கும்போது ஏனோ அழுதுவிட்டேன்.’"

"இன்னொரு தடவை படி."

வாசலில் வாடகை நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை பொறுத்திருந்து, மகள் மறுபடி படித்தாள்.