நாற்பத்தொரு ஜோடி நல்ல கண்கள்

நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கும் அந்தப் பெண்ணுக்குத் தோழிகள் வைத்த பெயர் புயல். ஊசி போடுவதானாலும் சோறு தின்பதானாலும் அவளுக்குச் சட்டுபுட்டென்று முடிய வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்த இடத்தில் மட்டும் அடக்கி வாசிப்பாளா என்ன? கண் பரிசோதனைக்கு நாலாம் வகுப்பை மொத்தமாக வராந்தாவில் வரிசை கட்டிவிட்டாள். முன்னால் நிற்பவர் படிப்பது பின்னால் நிற்பவர் காதில் விழுமே என்ற யோசனையெல்லாம் புயலுக்கு ஏது?

பிள்ளைகள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை கடகடவென்று சொன்னார்கள். ஒரே மணி நேரத்தில் நாற்பத்தொரு பேர். பதிவேடு முழுக்க 'பார்வை இயல்பு'.

பக்கத்து அறையில் எடை பார்த்துக்கொண்டிருந்த தோழி எட்டிப் பார்த்தாள். "ஒருத்தருக்குக்கூடக் கண்ணாடி வேணாமா? எல்லாம் கழுகுக் குஞ்சா?"

"வயித்தெரிச்சல் படாதடி," என்று எழுத்து அட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினாள் புயல்.

அப்போது ஒரு சிறுமி ஓடி வந்து, நின்று படிக்கத் தரையில் போட்டிருந்த கோட்டில் நின்றாள். வரிசையில் நின்றவள்தான், நடுவில் பாத்ரூம் போய்விட்டாளாம். வந்த வேகத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு வெறும் சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "ம, ட, ப, க..."

ஒரு எழுத்து பிசகவில்லை.

"எதைப் பாத்துடி படிக்கிற?"

"அட்டையத்தான்."

"அட்டை என் கையில இருக்கு, கண்ணு."

சிறுமியின் முகம் சுருங்கியது. "எல்லாரும் சொன்னதக் கேட்டு வச்சுக்கிட்டேன்க்கா. கிளாஸ் போர்டும் எனக்கு இப்படி வெறுமையாத்தான் தெரியும்."

புயலுக்குக் காது மடல் சுட்டது. இன்னும் எத்தனை பேர் இப்படி? அந்த நேரம் பார்த்துப் பள்ளியின் நர்ஸக்கா பேனாவோடு வந்து சேர்ந்தாள்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா? குடும்மா, கையெழுத்துப் போடறேன்."

வாயை மூடிக்கொண்டு பதிவேட்டை நீட்டியிருக்கலாம், நீட்டுகிறவர்கள் உண்டு. அவள் கையும் பாதி நீண்டது.

"போடாதீங்கக்கா," என்றாள். நடந்ததைச் சொன்னாள்.

நர்ஸக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேனாவை மூடினாள். "கிளாஸ்ல போய் நீயே சொல்லு. ஒவ்வொருத்தராக் கூட்டிட்டு வந்து, கதவைச் சாத்திட்டு, வேற அட்டையில பாரு."

புயல் நாலாம் வகுப்புக்குள் நுழைந்ததும் வகுப்பு டீச்சர் சாக்பீஸோடு திரும்பினார். பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"நான் சரியாப் பாக்கல. என் தப்பு. திரும்பப் பாக்கணும்," என்றாள் புயல்.

"இப்ப வேற எழுத்தாக்கா?" என்று ஒரு குரல் கேட்டது.

"ஆமா."

பின்வரிசையில் மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களைப் பார்க்க முடியாமல் அவளும் குனிந்துகொண்டாள்.