சௌந்திரத்தின் கால் தரையை விட்ட வருடம்

“எங்கம்மா காலைத் திருப்பிக் குடுங்கண்ணா” என்று நர்மதா கேட்டாள். கேட்கவே கூடாது என்று அம்மா மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தாள். கொலுசுக் கம்பெனி முதலாளி சந்திரசேகர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் “உக்காரும்மா” என்றார். அந்த நேரத்தில் சௌந்திரம் பின்னால் இருந்த பட்டறை வாசலில், தரைக்கு இரண்டு விரற்கடை மேலே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி நிற்கத் தொடங்கிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. வெள்ளி விலை இதற்குள் நான்கு முறை ஏறி ஒரு முறை இறங்கியிருந்தது.

சௌந்திரம் வெண்ணந்தூர்க்காரி. இருபத்திரண்டு வருடமாக ஆட்டையாம்பட்டி வழியாக பஸ் ஏறி, சேலம் சிவதாபுரத்துக்கு வந்து கொலுசுக்கு வளையம் பற்றவைத்துக் கொடுத்துவந்தாள். மகள் நர்மதா அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் போன முதல் ஆள். விஸ்காம் படித்தாள். நன்றாக இல்லாததை நன்றாக இல்லை என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுகிற வாய், அதனால் இரண்டு ஸ்டூடியோக்களில் அவளை வைத்துக்கொள்ளவில்லை. மூன்றாவதாக, அம்மா வேலை செய்த கம்பெனியிலேயே, இணையத்தில் கொலுசு விற்கும் பக்கத்தை வடிவமைக்கச் சேர்ந்தாள்.

அதுவரை கொலுசை வெள்ளைத் துணியில் பரப்பிப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவரில் ஜவ்வரிசியை ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. யாரும் வாங்கவில்லை. “போன்ல சனத்தோட கட்டைவிரல் தள்ளிக்கிட்டே போகுதுங்கண்ணா. அது எங்க நிக்குதோ அங்கதான் வியாபாரம்” என்று நர்மதா முதல் நாளே சொன்னாள். அம்மாவைக் காலைக் கழுவி வரச் சொல்லி, பட்டறை வாசல் கல்லில் நிறுத்தி, காலை வெளிச்சத்தில் படம் எடுத்தாள். கருத்த காலில் வெள்ளி தன் வேலையைத் தானே செய்தது. தான் செய்த கொலுசை சௌந்திரம் காலில் போட்டது அன்றுதான். படம் எடுத்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டாள். முதல் வாரமே ஆர்டர் வந்தது.

சந்திரசேகருக்கு அது போதவில்லை. பித்தவெடிப்பை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். மத்தியானம் நர்மதா கணினியில் வெடிப்பை அழித்தாள். சாயந்திரம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தால், அம்மாவின் குதிகால் வழவழவென்று இருந்தது. சேலைக் கரை வெடிப்பில் மாட்டாமல் நடப்பது இதுதான் முதல் தடவை என்று சௌந்திரம் சிரித்தாள். மறுநாள் பட்டறையே கூடிவிட்டது. “ஏ நர்மதா, எனக்கு இந்த இடுப்புச் சதையக் கொஞ்சம் அழிச்சுவுடு சாமி. புருசனுக்குச் சொல்ல மாட்டேன்” என்றாள் கூடப் பற்றவைக்கும் பெரியநாயகி.

அடுத்து சந்திரசேகர் இரண்டு படங்களைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்று இருக்கிற காலோடு, இன்னொன்று வெளுப்பாக்கிய காலோடு. வெளுத்த கால் ஜெயித்தது. சௌந்திரத்தின் கால்கள் கணுக்கால்வரை ஜவ்வரிசி மாவின் நிறத்துக்குப் போயின. ராசிபுரம் டாக்டர் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு, காலடியில் விழுந்த நிழல் அழுக்கு மாதிரி தெரிகிறது என்றார் முதலாளி. நர்மதா நிழலையும் எடுத்தாள். அன்று சௌந்திரம் படியில் கால் படாமல் பஸ் ஏறினாள். கண்டக்டர் வழக்கம்போல டிக்கெட் கிழித்தார். விற்பனை மூன்று மடங்கானது. கூரியர் வண்டி தினம் இரண்டு தடவை வந்தது. கூட்டத்தில் யாரும் சௌந்திரத்தின் காலை மிதிப்பதில்லை, மழைநாளில் அவளுக்குச் சேறு ஒட்டுவதில்லை, செருப்பு தேய்வதில்லை என்று ஊர் பேசிப் பழகிக்கொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நர்மதா அம்மாவின் காலைத் தூக்கி மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தாள். எண்ணெய் ஒட்டாமல் வழிந்தது. கால் கைப்பேசித் திரையைப் போல ஜில்லென்று இருந்தது. அவளுடைய இரண்டு விரல்கள் தெரியாமல் விலகியபோது அம்மாவின் கட்டைவிரல் பெரிதாகி, பிறகு பழையபடி சுருங்கியது.

“வலிக்குதாம்மா?”

“வலிச்சாத்தான் தேவலையே. எங்க போனாலும் போய்ச் சேர்ந்த மாதிரியே இல்ல சாமி. ஊட்டுக்கு வாரேன், வந்த மாதிரி இல்ல.”

அழித்ததெல்லாம் நர்மதாவின் கைதான். “பழைய படத்தப் போட்டா வெடிப்பும் சேந்துதான் வரும்” என்றாள்.

“வரட்டும். என்ற வெடிப்புத்தான?” என்று சொன்ன சௌந்திரம், உடனே பயந்துபோய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மொதலாளிகிட்ட மட்டும் கேட்றாத. உன்ற வேலை போயிரும்.”

ஆனால் நர்மதா இன்று கேட்டுவிட்டாள். சந்திரசேகர் கெட்டவர் இல்லை. சண்டை போடுகிறவர்களிடமும் சிரித்தே பேசுவார். திரையை அவள் பக்கம் திருப்பினார். “பாரும்மா. கருப்புக் காலுக்கு நூறு பேர் பாத்தா ரெண்டு பேர் வாங்குனாங்க. இந்தக் காலுக்கு ஆறு பேர். நானா பண்ணேன்? சனம் கேக்குது.”

“வாங்குனவங்க காலு என்ன கலருங்கண்ணா?”

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“முன்னாடி ரூம்புல அடுக்கி வெச்சிருக்கிற பார்சலப் பாருங்க. படத்துல இருந்த மாதிரி இல்லைன்னு திருப்பி அனுப்பிச்சதுங்க. கொலுசு அதேதான். அவங்க காலுதான் படத்துல இல்ல.”

“உங்கம்மாவே சும்மா இருக்காங்க. நோவாம நடக்கறாங்க, உனக்கென்ன?”

“அவங்க நடக்கலீங்க. மெதக்கறாங்க.”

சந்திரசேகரின் சிரிப்பு குறைந்தது. “படத்துல கை வெச்சா உனக்கு இங்க வேலை இல்ல. யோசிச்சுக்க.”

யோசிப்பதற்கு எதுவும் பாக்கி இல்லை. இந்த அறைக்குள் வருவதற்கு முன்பே நர்மதா பழைய படத்தை இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டிருந்தாள், கருப்பு, வெடிப்பு, நிழல் எல்லாவற்றோடும். அம்மா கேட்காதே என்றுதான் சொன்னாள். செய்யாதே என்று சொல்லவில்லை. முதலாளி வாயிலிருந்து ஒரு தடவை ‘சரி’ என்று வருமா என்று பார்க்கத்தான் கேட்டாள். வரவில்லை. “வாரேங்கண்ணா” என்று எழுந்தாள்.

படம் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. ஓசூரில் முதலில் மாறியது, பிறகு ஈரோட்டில், அப்புறம் தருமபுரியில். சிவதாபுரத்துக்கு வர இன்னும் ஒரு நிமிடம் ஆனது. நர்மதா வெளிக்கதவைத் திறந்தபோது பின்னால் ஒரு கூச்சல் கேட்டது.

“அய்யோ சாமி! தரை சுடுதே!”

“சித்திரை வெயில்ல சுடாம என்ன பண்ணும்? காலைத் தூக்கி உள்ள வையக்கா” என்றாள் பெரியநாயகி. பட்டறையில் பற்றவைக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது.

நர்மதா திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினாள். கொஞ்சநேரத்தில் பின்னாலிருந்து காலடிச் சத்தம் வந்தது. சூட்டுக்குத் தத்தித் தத்தி, திட்டிக்கொண்டே வருகிற கனமான காலடி. அவள் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள், நிற்கவில்லை.